வாடகைக்கு விட்ட வீடும் சொசைட்டியின் கூடுதல் வசூலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அடுக்குமாடிக் குடியிருப்பில் உள்ள தம் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வேறு ஊரில் வசிப்பவர்கள், அங்கேயே குடியிருக்கும் உரிமையாளர்களைவிடக் கூடுதலாகப் பராமரிப்புக் கட்டணம் செலுத்துவதுதான் முறை என்றும், அது எவ்வளவு என்பதை அந்தந்தச் சங்கத்தின் பொதுக்குழுவே முடிவு செய்துகொள்ளலாம் என்றும் வாசகர் ஒருவர் இப்பகுதியில் எழுதியிருந்தார். அவருடைய முதல் கருத்தை ஓரளவு ஏற்கிறேன். இரண்டாவது கருத்து, மகாராஷ்டிரத்தைப் பொறுத்தவரை, சட்டத்துக்கு நேர் எதிரானது. மும்பை முலுண்டில் ஒரு கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தில் (மும்பையில் இதைத்தான் ‘சொசைட்டி’ என்கிறார்கள்) சில ஆண்டுகள் பொருளாளராக இருந்து வரவு செலவு எழுதியவன் நான். தானேயில் உள்ள வேறொரு சங்கத்தில், வாடகைக்கு விடப்பட்டிருக்கும் வீடு ஒன்றின் உரிமையாளனாகவும் இருக்கிறேன். கமிட்டியின் நாற்காலியிலிருந்தும் பில்லைக் கையில் வாங்கும் உறுப்பினரின் இடத்திலிருந்தும் இந்தக் கட்டணத்தைப் பார்த்தவன் என்ற முறையில் சிலவற்றைத் தெரிவிக்க விரும்புகிறேன்.

இது மும்பைத் தமிழர்களுக்கு நெருக்கமான விஷயம். மாதுங்கா, செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி ஆகிய இடங்களில் வங்கியிலோ ரயில்வேயிலோ தனியார் நிறுவனத்திலோ வேலை பார்த்துக்கொண்டே கடன் வாங்கி ஒரு படுக்கையறை வீட்டைச் சொந்தமாக்கிக்கொண்டவர்கள், ஓய்வு பெற்றபின் திருச்சிக்கோ கோவைக்கோ திருநெல்வேலிக்கோ திரும்பிவிடுகிறார்கள். பிள்ளைகள் பெங்களூரிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள். மும்பை வீட்டிலிருந்து வரும் வாடகைதான் பலருக்கு ஓய்வூதியத்துக்கு அடுத்த வருமானம். ஓய்வூதியம் இல்லாத தனியார் ஊழியர்களுக்கு அதுவே முதல் வருமானம். இவர்களில் பெரும்பாலோர் மாதந்தோறும் மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ வரும் சொசைட்டி பில்லின் கடைசி வரியில் உள்ள மொத்தத் தொகையை மட்டும் பார்த்துப் பணத்தை அனுப்பிவிடுகிறார்கள். அந்த வரிக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பவர்கள் குறைவு.

உறுப்பினர் தாம் குடியிருக்காமல் வீட்டை வாடகைக்கு விட்டால் சங்கம் வசூலிக்கும் தொகையை மும்பையில் எல்லாரும் ‘நான்-ஆக்குபன்சி சார்ஜ்’ என்றே சொல்கிறார்கள். மகாராஷ்டிர கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 1960இன் 79ஏ பிரிவு, பொதுநலன் கருதிச் சங்கங்களுக்குக் கட்டளையிடும் அதிகாரத்தை மாநில அரசுக்குத் தருகிறது. அந்த அதிகாரத்தைக் கொண்டு 2001 ஆகஸ்ட் 1 அன்று அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. நான்-ஆக்குபன்சி கட்டணம், நகராட்சி வரிகள் நீங்கலாக, சேவைக் கட்டணத்தில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதே அதன் சாரம். அதுவரை தம் விருப்பம்போல வசூலித்துவந்த சங்கங்களுக்கு இது பிடிக்கவில்லை. தென் மும்பையில் உள்ள மான்ட் பிளாங்க் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் இந்த ஆணையை எதிர்த்து வழக்குத் தொடுத்தது; 2007இல் மும்பை உயர் நீதிமன்றம் அரசின் ஆணை செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆகவே, உச்சவரம்பு உண்டா இல்லையா என்பது பொதுக்குழு கூடி முடிவெடுக்க வேண்டிய விஷயமே அல்ல. பொதுக்குழுவில் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றினாலும் 10 சதவீதம் 15 சதவீதம் ஆகாது.

ஆனால் நடைமுறையில் தவறு நடப்பது 10 என்ற எண்ணில் அல்ல. எந்தத் தொகையில் 10 சதவீதம் என்பதில்தான். மும்பை சொசைட்டி பில்லில் ஒவ்வொரு இனமும் தனித்தனியாக அச்சிடப்பட்டிருக்கும். ஒரு மாதிரிக் கணக்கைச் சொல்கிறேன்: சொத்து வரி 1,350 ரூபாய், தண்ணீர் 400, சேவைக் கட்டணம் 2,200, லிஃப்ட் 250, பழுதுபார்ப்பு நிதி 900, சிங்கிங் ஃபண்ட் (கட்டடத்தின் எதிர்காலப் பெரிய செலவுகளுக்கான சேமிப்பு நிதி) 300, பார்க்கிங் 200, ஆக மொத்தம் 5,600 ரூபாய். வாட்ச்மேன், துப்புரவுப் பணியாளர், மேனேஜர் ஆகியோரின் சம்பளம், மாடிப்படி விளக்கு, ஆடிட்டர் கட்டணம், தபால், ஸ்டேஷனரி, கூட்டச் செலவு போன்றவை எல்லாம் சேர்ந்ததுதான் சேவைக் கட்டணம். சங்கங்கள் பின்பற்றுவதற்காக அரசு வகுத்துள்ள மாதிரி விதிகளின்படி வீடு பெரிதோ சிறிதோ, எல்லா உறுப்பினருக்கும் இது சமமாகப் பங்கிடப்பட வேண்டும். நான்-ஆக்குபன்சி கட்டணம் இந்த 2,200 ரூபாயின் மேல்தான் வரும். அதாவது மாதம் 220 ரூபாய். ஆனால் பல சங்கங்களில் கணக்கு எழுதும் மென்பொருள், மொத்தத் தொகையான 5,600 ரூபாயில் 10 சதவீதம் எடுத்து 560 ரூபாய் என்று போட்டுவிடுகிறது. வித்தியாசம் மாதம் 340 ரூபாய், ஆண்டுக்கு 4,080 ரூபாய். எனது தானே வீட்டின் பில்லிலும் இப்படித்தான் இருந்தது. கேட்டபோது, “எல்லாருக்கும் இப்படித்தான் சார் போடுகிறோம்” என்று பதில் வந்தது. எல்லாருக்கும் தவறாகப் போட்டால் அது சரியாகிவிடும் என்ற கணக்கியல் எனக்குத் தெரியாது.

சொத்து வரியையும் பழுதுபார்ப்பு நிதியையும் ஏன் இதில் சேர்க்கக் கூடாது என்றால், அவற்றுக்கும் வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்பதற்கும் தொடர்பில்லை. சொத்து வரி மாநகராட்சிக்குப் போகிறது; அதை வசூலித்துக் கட்டும் இடைத்தரகர் மட்டுமே சங்கம். பழுதுபார்ப்பு நிதி கட்டுமானச் செலவின்மேல் ஆண்டுக்கு 0.75 சதவீதம், சிங்கிங் ஃபண்ட் குறைந்தது 0.25 சதவீதம் என்று மாதிரி விதிகள் கணக்குச் சொல்கின்றன. தண்ணீர்க் கட்டணம் வீட்டில் உள்ள குழாய் இணைப்புகளைப் பொறுத்தது. கட்டடத்தின் சிமென்டும் கம்பியும், வாடகைக்குக் குடியிருப்பவர் உள்ளே இருக்கிறார் என்பதற்காக வேகமாகத் தேய்ந்துபோவதில்லை. கூடுதலாக ஏதேனும் சுமை உண்டென்றால் அது அலுவலகப் பணியில்தான் உண்டு: ஒப்பந்த நகலைக் கோப்பில் வைக்க வேண்டும், குடித்தனக்காரரின் பெயரைப் பாதுகாவலரின் பதிவேட்டில் எழுத வேண்டும், வெளியூரில் இருக்கும் உரிமையாளருக்குத் தனியாகத் தகவல் அனுப்ப வேண்டும். அந்தச் சுமைக்குச் சேவைக் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு போதும் என்று அரசு கருதியது பொருத்தமான அளவுகோலாகவே எனக்குப் படுகிறது.

இந்த 10 சதவீதத்தோடு நின்றிருந்தால் நான் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். உச்சவரம்பு வந்தபின், அதே பணத்தை வேறு பெயர்களில் வசூலிக்கும் வழக்கம் பரவிவிட்டது. குடித்தனக்காரர் சாமான் ஏற்றினால் ஒரு தொகை, இறக்கினால் ஒரு தொகை. லீவ் அண்ட் லைசென்ஸ் ஒப்பந்தம், அதாவது மும்பையில் வாடகைக்கு விட எழுதும் ஒப்பந்தம், புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் ‘என்ஓசி (ஆட்சேபணையில்லாச் சான்று) கட்டணம்’. குடித்தனக்காரரின் பைக்கை நிறுத்த, உரிமையாளர் செலுத்துவதைப்போல் மூன்று மடங்கு பார்க்கிங். இவை போதாதென்று ‘கட்டட வளர்ச்சி நன்கொடை’. நன்கொடை என்பது மனமுவந்து கொடுப்பது. கொடுக்காவிட்டால் சாமான் ஏற்றிய டெம்போவைக் கேட்டுக்குள் விட மாட்டோம் என்று சொல்லி வாங்குவதற்கு வேறு பெயர் உண்டு. மும்பையில் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் 11 மாதத்துக்கே எழுதப்படுகின்றன என்பதை நினைவில் கொண்டால், இந்தச் சில்லறை வசூல்கள் ஏறக்குறைய ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் மீண்டும் வருவதையும், கூட்டிப் பார்த்தால் சட்டம் அனுமதித்த கட்டணத்தைப் பல மடங்கு தாண்டிவிடுவதையும் யாரும் புரிந்துகொள்ளலாம்.

இதில் ‘என்ஓசி’ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வீட்டை வாடகைக்கு விடச் சங்கத்தின் முன் அனுமதி வேண்டும் என்று பல கமிட்டிகள் நம்புகின்றன, உறுப்பினர்களையும் நம்பவைத்திருக்கின்றன. மகாராஷ்டிரத்தின் தற்போதைய மாதிரி விதிகளின்படி உறுப்பினர் சங்கத்துக்கு முன்கூட்டியே தெரிவித்து, ஒப்பந்த நகலையும் காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுத்ததற்கான நகலையும் ஒப்படைக்க வேண்டும். தெரிவிப்பது வேறு, அனுமதி கேட்பது வேறு. கேட்கத் தேவையில்லாத அனுமதிக்குக் கட்டணம் வசூலிப்பது எந்தக் கணக்கில் சேரும்? மேலும், இந்த அனுமதிக் கடிதம் என்ற பெயரில்தான் குடித்தனக்காரர் தனி ஆளா, என்ன சாப்பிடுகிறார், எந்த மதத்தவர் என்ற விசாரணைகள் எல்லாம் நடக்கின்றன. கமிட்டிக்குப் பிடிக்காதவர் வந்தால் கட்டணம் திடீரென்று உயர்கிறது. பணத்தைப் பற்றிய விஷயமாகத் தோன்றும் இது, சில கட்டடங்களில் ஆளைத் தரம் பிரிக்கும் சல்லடையாகவும் பயன்படுகிறது என்பதை அங்கே குடியிருக்க வீடு தேடி அலைந்த தமிழ் இளைஞர்கள் நன்கு அறிவார்கள்.

குடும்பத்தினர் குடியிருந்தால் இந்தக் கட்டணமே கிடையாது என்பதும் பலருக்குத் தெரியாது. வாடகைக்கு விடாமல், அப்பா, அம்மா, மகன், மகள், சகோதரன், சகோதரி, மருமகன், மருமகள், பேரன், பேத்தி ஆகியோரில் யாரேனும் அந்த வீட்டில் இருந்தால் அது உறுப்பினரே குடியிருப்பதாகத்தான் கருதப்படும். திருமணமான மகளும் மருமகனும் இருக்கிறார்கள் என்பதற்காக, ஊரில் இருக்கும் மாமனாருக்கு நான்-ஆக்குபன்சி பில் அனுப்பிய சங்கம் ஒன்றை எனக்குத் தெரியும். மருமகனின் பெயரில் உள்ள கேஸ் இணைப்பைப் பார்த்துவிட்டு அவர் ‘வெளியாள்’ என்று முடிவு கட்டியிருந்தார்கள். உறவைக் குறிப்பிட்டு ஒரு கடிதமும் அடையாள அட்டை நகல்களும் கொடுத்தபின் அந்தத் தொகை அடுத்த பில்லில் கழிக்கப்பட்டது. அதுவரை கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்க அவருக்கு மனம் வரவில்லை, கேட்டிருக்க வேண்டும்.

இனி, கமிட்டிகளின் வாதத்துக்கு வருகிறேன். நானும் அந்த நாற்காலியில் இருந்தவன் என்பதால் அதை ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். வாடகைக்கு விட்டவர்கள் சொசைட்டி வேலை எதற்கும் வருவதில்லை. ஆண்டுப் பொதுக்குழுவில் முகம் காட்டுவதில்லை. கமிட்டித் தேர்தலில் நிற்பதில்லை. தண்ணீர்த் தொட்டி கழுவும் நாளில் கான்ட்ராக்டரோடு மல்லுக்கு நிற்பது எப்போதும் அங்கே குடியிருக்கும் நான்கு பேர்தான். பாதி வீடுகள் வாடகையில் இருக்கும் பழைய கட்டடங்களில் கமிட்டி அமைக்கவே ஆள் கிடைப்பதில்லை. மறுமேம்பாட்டுக்காகக் கட்டடத்தை இடித்துக் கட்டும் பேச்சு எழும்போதுதான் வெளியூர் உரிமையாளர்கள் எல்லாரும் ஒரே நாளில் விமானம் ஏறி வருகிறார்கள். இந்த மனக்கசப்பு உண்மையானது. மாதம் 220 ரூபாய் அதற்கு ஈடாகாது என்பதும் உண்மை. ஆனால் அதற்கான பரிகாரம் பில்லில் இன்னொரு வரியைச் சேர்ப்பது அல்ல. 220 ரூபாயை 2,000 ஆக்கினாலும் அந்த உறுப்பினர் தொட்டி கழுவும் நாளில் வரப்போவதில்லை. பணம் கட்டியாகிவிட்டது என்ற நினைப்பில் இன்னும் தூரமாகத்தான் போவார். குடித்தனக்காரரால் லிஃப்டுக்கோ சுவருக்கோ சேதம் ஏற்பட்டால், ஆன செலவை ரசீதோடு அந்த உரிமையாளரிடம் வசூலிக்கட்டும். அதை யாரும் ஆட்சேபிக்க முடியாது.

“அவர் மாதம் 35,000 ரூபாய் வாடகை வாங்குகிறார், சங்கத்துக்கு இரண்டாயிரம் கொடுத்தால் என்ன?” என்ற கேள்வியையும் கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். வீட்டுக் கடனையும் அதன் வட்டியையும் கட்டியவர் அவர். வாடகைக்கு வருமான வரி செலுத்துபவரும் அவர்தான். அவருடைய வருமானத்தில் சங்கம் பங்குதாரர் அல்ல. இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. வீட்டுவசதிச் சங்கங்கள் வசூலிக்கும் நான்-ஆக்குபன்சி கட்டணம், வீட்டு மாற்றக் கட்டணம் போன்றவற்றுக்கு வருமான வரி கேட்டு வரித்துறை தொடுத்த வழக்குகளில், வெங்கடேஷ் பிரமிசஸ் கூட்டுறவுச் சங்கம் தொடர்பாக 2018 மார்ச் 12 அன்று உச்ச நீதிமன்றம் சங்கங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. உறுப்பினர்கள் தங்களுக்குள் பணம் போட்டுத் தங்கள் பொதுநலனுக்கே செலவிடும்போது, கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரே. அதில் லாபம் என்ற பேச்சுக்கு இடமில்லை என்ற கோட்பாடுதான் அந்தத் தீர்ப்பின் அடிப்படை. வரித்துறையின் முன்னால் ‘நாங்கள் லாபம் பார்ப்பவர்கள் அல்ல, எல்லாரும் ஒரே குடும்பம்’ என்று வாதாடி வரிவிலக்கு பெற்ற சங்கங்கள், வீட்டுக்குத் திரும்பியதும் அந்தக் குடும்பத்தில் ஒரு பகுதியினரைப் பணம் காய்ச்சி மரமாக நடத்துவது முரண்.

வாடகைக்கு விட்ட உரிமையாளர்களுக்கும் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். சங்கத்தோடு சட்டம் பேசுவதற்கு முன் நம் பக்கம் சுத்தமாக இருக்க வேண்டும். மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999இன் 55ஆம் பிரிவின்படி லீவ் அண்ட் லைசென்ஸ் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்யப்பட வேண்டும். பதிவு செய்யும் பொறுப்பு வீட்டு உரிமையாளருடையது. தவறினால் மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். தெரிந்தவர், நம் ஊர்க்காரர், கோயிலில் பழக்கமானவர் என்று வாய்மொழியாக வீட்டைக் கொடுத்துவிட்டு, பிறகு சங்கம் கூடுதலாகக் கேட்கிறது என்று புகார் சொல்லப் போனால், அதிகாரி முதலில் கேட்பது பதிவு செய்த ஒப்பந்தத்தைத்தான்.

கூடுதல் வசூலை எதிர்க்கும் முறையும் முக்கியம். கோபத்தில் மொத்தப் பில்லையும் கட்டாமல் நிறுத்திவிடுபவர்கள் தாமே குழியில் விழுகிறார்கள். நிலுவைக்கு ஆண்டுக்கு 21 சதவீதம் வரை தனிவட்டி போட மாதிரி விதிகள் இடம் கொடுக்கின்றன, பிறகு நோட்டீஸ் பலகையில் பாக்கிதாரர் பட்டியலில் பெயர் ஏறும். சரியான கணக்குப்படி வரும் தொகையை உரிய நாளுக்குள் கட்டிவிட்டு, எந்த வரி தவறு, சரியான தொகை எவ்வளவு, எந்த ஆணையின்படி என்பதைச் செயலாளருக்கு எழுத்தில் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்க வேண்டும். நியாயமான காலத்துக்குள் பதில் வராவிட்டால் அந்தப் பகுதிக்குரிய கூட்டுறவுச் சங்கங்களின் துணைப் பதிவாளரிடம் மனுக் கொடுக்கலாம். என் விஷயத்தில் மனு வரை போக வேண்டியிருக்கவில்லை. 2001 ஆணையின் நகலையும் ஒரு பக்கக் கணக்கையும் இணைத்து அனுப்பியதும் பில் திருத்தப்பட்டது. ஆனால் அதே கட்டடத்தில் எழுதிக் கேட்காத மற்றவர்களின் பில்லில் பழைய தொகையே தொடர்ந்தது. ஒருவர் கேட்டதால் ஒருவருக்கு மட்டும் சரிசெய்வது திருத்தம் ஆகாது. தணிக்கையாளர்கள் ஆண்டுத் தணிக்கையின்போது இந்த ஒரு வரியை எல்லா உறுப்பினருக்கும் சரிபார்த்துத் தம் அறிக்கையில் குறிப்பிட வேண்டும் என்று கூட்டுறவுத் துறை உத்தரவிட்டால், தனித்தனியாக யாரும் மனு எழுதிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

மும்பைக் கதை நமக்கெதற்கு என்று சென்னை வாசகர்கள் நினைக்க வேண்டாம். பழைய மகாபலிபுரம் சாலையிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் உள்ள பெரிய குடியிருப்புகளில் ‘மூவ்-இன்’, ‘மூவ்-அவுட்’ கட்டணங்கள் இப்போது சாதாரணமாகிவிட்டன. மகாராஷ்டிர அரசின் 2001 ஆணை தமிழ்நாட்டில் செல்லாது. இங்கே பெரும்பாலான உரிமையாளர் சங்கங்கள் கூட்டுறவுச் சட்டத்தின் கீழ் அல்லாமல், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ் பதிவு செய்யப்பட்டவை. அவற்றின் துணைவிதிகளை அவரவர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். 1994ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்துக்குப் பதிலாக 2022இல் இயற்றப்பட்ட புதிய சட்டம், 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பழைய சங்கங்கள் தம் துணைவிதிகளைத் திருத்தி எழுதும் இந்தச் சமயம்தான் இதற்கு ஏற்றது. வாடகைக்கு விடப்பட்ட வீடுகளுக்குச் சங்கங்கள் கூடுதலாக வசூலிக்கலாமா, வசூலித்தால் பராமரிப்புக் கட்டணத்தின் எந்தப் பகுதியில் எத்தனை சதவீதம் வரை, குடும்பத்தினர் குடியிருந்தால் விலக்கு உண்டா என்பவற்றைத் தமிழ்நாடு வீட்டுவசதித் துறை தெளிவான ஓர் ஆணையாக வெளியிட வேண்டும். வேறு பெயரில் வசூலிக்கப்படும் தொகைகளும் அந்த வரம்புக்குள் அடங்கும் என்ற ஒரு வாக்கியத்தையும் மறக்காமல் சேர்க்க வேண்டும். மகாராஷ்டிரத்தின் ஆணையில் அந்த வாக்கியம் இருந்திருந்தால் நான் மேலே சொன்ன வசூல்களில் பாதி நடந்திருக்காது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
முலுண்ட், மும்பை.